ஞாயிறு, ஒரு பொட்டலம்

வாரம் ஒருமுறை
கத்தரிக்கோலால் மூலையை வெட்டி
ஞாயிற்றைப் பாலில் கொட்டுகிறேன்.
அறுபதாயிரம் யூனிட்.
ஆரஞ்சு வாசனை போட்டிருக்கிறார்கள்.
சூரியன் இப்படித்தான் மணக்கும் என்று
ஏதோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

வெளியே ஆர்.கே.புரம், ஏழாவது செக்டார்,
நவம்பர்.
எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைக் காணோம்.
அசல் சூரியன்
தேய்ந்த ஐந்து ரூபாய்க் காசாக
புகைக்குள் கிடக்கிறது.
மே மாதத்தில் அது கொதித்தபோது
நான் திரையை இழுத்துவிட்டு
கூலர் முன்னால் கிடந்தேன்.
உடம்பு கொஞ்சம் சூடானால் போதும்,
மூன்றாவது விசிலுக்குள் வலது கண் மங்கும்.
கால், தான் யாருடையது என்று யோசிக்கும்.
பாதி வருடம் அதனிடமிருந்து ஒளிகிறேன்.
மீதி வருடம்
அதையே கடையில் கேட்டு வாங்குகிறேன்.

நான் தணிக்கைத் துறை.
இருபத்திரண்டு வருடமாக
அடுத்தவர் செலவில் பச்சை மை டிக் போடுகிறவள்.
என் மருந்து டப்பாவைத் திறந்தால்
பாதிக்கு வவுச்சர் இல்லை.

மீன் எண்ணெய், நியூ ஜெர்சித் தம்பி ஆராவமுதன் அனுப்பியது.
முட்டை விற்கும் கடையில் கத்தரிக்காய்கூட வாங்காத அம்மா
போனில் சொல்கிறாள்,
'மருந்துக்கு தோஷமில்லைடி.'
பதினோரு மணி மீட்டிங்கில்
ஏப்பமாக வந்து போகிறது அட்லாண்டிக்.

அஸ்வகந்தா, மேல்வீட்டு பட்நாகர் அம்மாள்.
எதிர்ப்பு சக்தி பெருகுமாம்.
பெருகியதுதானே அம்மா என் வியாதி?
வீட்டுக் காவல்காரனே
இருட்டில் எழுந்து
சுவரைப் பிளந்து வயரின் தோலை உரிக்கிறான்.
அவனுக்குப் போய்
பாலும் பழமும் வைக்கச் சொல்கிறீர்களே.
இதைச் சொல்ல நினைத்தேன்.
என் இந்தி கரோல் பாக்கில் பேரம் பேசும்,
மூளை வரை ஏறாது.
'ஷுக்ரியா ஜி' என்று வாங்கி
பால்கனித் துளசிக்குப் போட்டேன்.
துளசி
நன்றாகத்தான் இருக்கிறது.

பயோட்டின் மட்டும் நானே தேடியது.
இரவு இரண்டு மணி,
பாதத்தில் யாரோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள்.
விலையைப் பார்க்கவில்லை.
விலையைப் பார்க்காமல், நான்!
மூன்று வாரத்தில் பதினெட்டுப் படிகளையும்
நிற்காமல் ஏறினேன் என்று நினைத்தேன்.
எண்ணினேனா என்பது ஞாபகமில்லை.
பிறகு ரத்தப் பரிசோதனை அறிக்கை:
தைராய்டு தறிகெட்டு ஓடுகிறது.
ஒரு ராத்திரி முழுக்க
புது வியாதிக்கு மனசில் இடம் ஒதுக்கினேன்.
காலையில் லேப் பையன் நேகி கூப்பிட்டான்.
'மேடம், முடி வளர ஏதாவது சாப்பிடுகிறீர்களா?'

ஒரு வாரம் நிறுத்தி
மறுபடி ரத்தம் கொடுத்தேன்.
தைராய்டு ஒழுங்காக
தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.
இல்லாத வியாதியை
இருப்பதாக எழுதவைத்திருக்கிறது மாத்திரை.
பொய்ப் பதிவுக்காக
எத்தனை பேருக்கு மெமோ கொடுத்திருப்பேன்.

டாக்டர் நௌஷீன்
புட்டிகளை மேசையில் நிற்கவைத்துப் பார்த்தார்,
அடையாள அணிவகுப்பில் பார்ப்பதைப் போல.
'டி இருக்கட்டும், உங்களுக்கு ஒன்பதுதான் இருந்தது.
வெள்ளிக்கிழமை ஊசியை
எதற்காகவும் விடாதீர்கள்.'
மற்றதெல்லாம்?
கண்ணாடியைக் கழற்றினார்.
'தெரியவில்லை. எனக்கும்தான்.'
இருபத்திரண்டு வருடக் கோப்புகளில்
அந்த வரியை நான் படித்ததே இல்லை.
அதற்கு ஒரு டிக் போடலாம் போலிருந்தது.

மீன் எண்ணெயை நிறுத்தவில்லை.
தம்பி ஒவ்வொரு முறையும் கேட்பான்,
தீர்ந்துவிட்டதா, அனுப்பட்டுமா.
தீரட்டும், கேட்கட்டும்.

இன்றும் ஞாயிறு.
பொடி அடியில் தங்கிவிடும், நன்றாகக் கலக்க வேண்டும்.
வலது கை இப்போதெல்லாம்
எதையாவது எடுக்கப் போனால் நடுங்குகிறது.
கரண்டியைப் பிடித்துக்கொண்டால் போதும்.
கை
தானாகவே கலக்கிவிடுகிறது.